துருப்பிடித்த பழைய ஜீப் பாடியைச் சரிசெய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போடி, கம்பம் பக்கம் விடிகாலையில் நின்று பார்த்தால், ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப்புகளைக் காணலாம். அப்படி ஓடி ஓய்ந்து, ஏதோ ஒரு பட்டறை ஓரத்தில் வேப்பமரத்தடியில் நின்றுபோன மஹிந்திரா சி.ஜே.3பி ஒன்றை வாங்கி மறுபடி ரோட்டில் இறக்க ஆசைப்படுகிறவர்கள் நிறையப் பேர். அவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். இஞ்சின், கியர்பாக்ஸ் கதை தனி. இங்கே பேச்சு முழுக்கத் தகடும் துருவும்தான்.

சி.ஜே.3பி என்றால் எந்த ஜீப்? இந்தப் பதில்கள் மற்ற ஜீப்புகளுக்கும் பொருந்துமா?

பானட் உயரமாக, முகம் நெடுநெடுவென்று இருக்குமே, அதுதான். அமெரிக்காவின் வில்லிஸ் கம்பெனி 1953-ல் 'ஹரிக்கேன்' என்ற உயரமான இஞ்சினை உள்ளே அடக்குவதற்காகப் பானட்டைத் தூக்கிச் செய்த வண்டி. அங்கே 1968-ல் உற்பத்தி நின்றுவிட்டது. 1947 முதலே மும்பையில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்றுவந்த மஹிந்திரா, இந்த வடிவத்தை அதற்குப் பிறகும் வெகுகாலம் விடவில்லை. ஜீப் என்றதும் நம்மூர்க்காரர்கள் பலருக்கும் நினைவில் வருவது இந்த முகம்தான்.

பாடி தனி, சேசிஸ் தனி. இரண்டையும் போல்ட் போட்டுப் பூட்டியிருப்பார்கள். பெரும்பாலும் தட்டைத் தகடு, நேர் மடிப்பு. வளைவும் நெளிவும் நிறைந்த காரோடு ஒப்பிட்டால் டிங்கர் வேலைக்கு இவ்வளவு இணங்கிவரும் வண்டி வேறு இல்லை என்பேன். மஹிந்திராவின் இன்னொரு ஜீப்பான எம்.எம்.540, பழைய ராணுவ வில்லிஸ் போன்றவற்றுக்கும் அடிப்படை இதேதான். துருப்பிடிக்கும் இடங்கள் மட்டும் கொஞ்சம் மாறும்.

துரு முதலில் எங்கே பிடிக்கும்?

தண்ணீர் எங்கே வந்து, போக வழியில்லாமல் நிற்கிறதோ அங்கே. இதை மனதில் வைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றிவந்தால் பாதி இடங்களை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

முதல் இடம் டிரைவர் சீட்டுக்கு அடியில். சி.ஜே.3பி-யில் பெட்ரோல் டேங்க் அங்கேதான், தரையில் பள்ளமாக இறக்கிய ஒரு தொட்டிக்குள் உட்கார்ந்திருக்கும். தார்ப்பாய்க் கூரை வண்டி. மழையில் சீட்டை நனைக்கும் தண்ணீர் நேராக அந்தப் பள்ளத்துக்குப் போகும். அது வடிய ஓட்டை உண்டு, ஆனால் பல வருஷத்து மண்ணும் சருகும் அதை அடைத்திருக்கும். என் வண்டியில் டேங்கைத் தூக்கியபோது அதன் அடித்தடம் சேற்றில் அச்சுப்போட்ட மாதிரி பதிந்திருந்தது. சேற்றைக் கரண்டியால் வழித்தேன். தகடும் கூடவே வந்தது, அப்பளம் நொறுங்குவதுபோல் அடுக்கடுக்காக. மூன்றாவது கரண்டியில் பட்டறைத் தரை தெரிந்தது.

அடுத்தது பக்கத்து சீட்டுக்குக் கீழே இருக்கும் டூல்ஸ் பெட்டி. அதுவும் ஒரு பள்ளம்தான். ஈரமான சாக்கு, ஜாக்கி, சங்கிலி எல்லாவற்றையும் போட்டு மூடி வைத்திருப்பார்கள்.

மூன்றாவது, கண்ணில் படாதது: தரைக்கு அடியில் தொப்பி வடிவத்தில் மடித்து ஒட்டிய சேனல்கள். பாடியின் எடை சேசிஸில் இறங்குவது இவற்றின் வழியாகத்தான். இரண்டாம் உலகப்போர் கால வில்லிஸ் எம்.பி., ஃபோர்டு ஜி.பி.டபிள்யூ. ஜீப்புகளில் இந்தச் சேனலுக்குள் மரச்சட்டத்தை வைத்து அடைத்திருப்பார்கள். மரம் ஒருமுறை நனைந்தால் லேசில் காயாது. ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு உள்ளிருந்தே தகட்டைத் தின்றுவிடும்.

அப்புறம் பின்சக்கரத்துக்கு மேலே இருக்கும் வளைவு தரையோடு சேரும் மூலை, பின்பக்க இரண்டு மூலைகள், பக்கத் தகட்டின் கடைசி இரண்டு மூன்று அங்குலம், கண்ணாடிச் சட்டத்தின் கீழ்விளிம்பு, பாடியும் சேசிஸும் சேரும் போல்ட் இடங்கள்.

தூத்துக்குடி, ராமேஸ்வரம் மாதிரிக் கடலோர ஊர்களில் ஓடிய வண்டி என்றால் இந்தப் பட்டியலோடு நிறுத்த முடியாது. உப்புக்காற்று பட்ட இடமெல்லாம் பார்க்க வேண்டும். மாட்டுத் தொழுவத்தில் நின்ற வண்டியும் அப்படியே. மாட்டு மூத்திரத்திலும் உப்பு இருக்கிறது. சக்கரத்தை ஒட்டிய தகடெல்லாம் போயிருக்கும்.

பெயிண்ட் நன்றாகத்தான் இருக்கிறது. உள்ளே துரு இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

ஒரு சின்னக் காந்தம், ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவர், உங்கள் விரல் முட்டி. இவை போதும்.

காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிப் பாடி மேல் நகர்த்துங்கள். தகடு இருக்கும் இடத்தில் பிடித்து இழுக்கும். தடிமனாகப் பட்டி (மேடுபள்ளம் நிரவப் பூசும் பசை) பூசியிருந்தால் பிடி தளரும். கண்ணாடி இழையையும் பிசினையும் வைத்து அடைத்திருந்தால் பிடியே இருக்காது. விரல் முட்டியால் தட்டினால் நல்ல தகடு கணீரென்று பேசும். பட்டி அடித்த இடம் சுவரைத் தட்டினதுபோல் மொத்தென்று கேட்கும்.

அடியில் படுத்து, ஸ்க்ரூ டிரைவர் முனையால் சேனல் விளிம்புகளைக் குத்திப் பாருங்கள். வண்டிக்காரர் முகம் சுளிப்பார், பரவாயில்லை. லேசாகக் குத்தியதும் உள்ளே போகும் தகடு ஏற்கெனவே போன தகடுதான்.

இன்னொரு அடையாளம்: இரண்டு தகடு ஒன்றன்மேல் ஒன்று படியும் இணைப்பில் வீங்கல். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். அதனால் உள்ளே துருப்பிடிக்கப் பிடிக்க இரண்டு தகடுகளும் பிளந்து அலை அலையாக நிற்கும். பெயிண்டில் சின்னச் சின்னக் கொப்புளம் தெரிந்தால், உள்ளே இருக்கும் சேதம் அதைவிடப் பெரியது என்று வைத்துக்கொள்ளுங்கள். கொப்புளம் வெளியே தெரிவது கடைசிக் கட்டம்.

துருவைச் சுரண்டிவிட்டு மேலே பட்டி பூசினால் போதாதா?

போதாது. இந்த ஒரு கேள்விக்கு நான் பணம் கொடுத்துப் பதில் தெரிந்துகொண்டேன்.

முதல் முறை வண்டியை ஒரு பட்டறையில் விட்டேன். பத்து நாளில் கண்ணாடி மாதிரி பளபளவென்று திருப்பிக் கொடுத்தார்கள். அடுத்த ஐப்பசி மழை முடிந்து கார்த்திகையில் பார்க்கிறேன், இடது பின்மூலையில் பெயிண்ட் உப்பியிருக்கிறது. அமுக்கினால் ஓரத்தில் காப்பிக்கலரில் தண்ணீர் கசிகிறது. உளி வைத்துத் தட்டினதும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பட்டிப் பாளம் கழன்று கையில் விழுந்தது. அதன் பின்பக்கம் செய்தித்தாள் எழுத்துகள் தலைகீழாகப் பதிந்திருந்தன. ஓட்டைக்குள் தாளைத் திணித்து அதன் மேலே பட்டியைப் பூசியிருக்கிறார்கள். அந்தப் பாளத்தை இன்னும் வைத்திருக்கிறேன். 'பட்டி மட்டும் போதுமே' என்று கேட்டு வருகிறவர்களிடம் எடுத்துக் காட்டுவேன்.

பட்டி தண்ணீரைத் தடுக்கும் பொருள் இல்லை. பாலியெஸ்டர் பிசினில் டால்க் பொடி கலந்தது. அது ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்சியதைத் தகட்டோடு ஒட்டிவைத்துக்கொள்ளும். நல்ல தகட்டில் இருக்கும் சின்ன மேடுபள்ளத்தை நிரவத்தான் அது. ஓட்டையை அடைப்பது அதன் வேலை இல்லை.

எவ்வளவு தூரம் வெட்டி எடுக்க வேண்டும்?

பளிச்சென்ற வெள்ளை இரும்பு தெரியும் வரை, அதற்கு மேல் இன்னும் ஓர் அங்குலம்.

முதலில் வயர் பிரஷ் போட்ட கிரைண்டரால் பெயிண்டை நீக்குங்கள். துருவின் எல்லை அப்போதுதான் தெரியும். ஊசிமுனை அளவுக் குழிகள் கறுப்பாகத் தெரிந்தால் அந்த இடத்தைத் தாண்டிக் கோடு போடுங்கள். தடிமன் குறைந்த தகட்டில் வெல்டிங் நிற்காது. வெல்டிங் பொட்டு வைத்ததும் வெண்ணெய் உருகுவதுபோல் ஓடி, ஓட்டை பெரிதாகும்.

வெட்டும்போது மூலைகளைக் கூராக விடாமல் உருட்டலாக எடுங்கள். கூர் மூலையில் சூடும் இழுவையும் ஒன்றுசேர்ந்து பின்னால் விரிசல் விடும்.

ஒரு எச்சரிக்கை. தரைச் சேனல்களை மாற்றுவதாக இருந்தால் எல்லாவற்றையும் ஒரே நாளில் அறுத்துப் போட்டுவிடாதீர்கள். பாடியைச் சேசிஸில் பூட்டியபடியே வைத்து, இரண்டு பக்கத்துக்கும் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து விறைப்பாக்கி, ஒரு பக்கம் முடித்தபின் மறுபக்கம் தொடுங்கள். அறுப்பதற்கு முன் மூலைக்கு மூலை டேப் வைத்து அளந்து, அந்த அளவைப் பாடியிலேயே சாக்பீஸால் எழுதி வைத்தால் பின்னால் சண்டை வராது.

முழு பாடியையே புதிதாகப் போட்டுவிட்டால் என்ன?

போடலாம். பஞ்சாப் - ஹரியானா எல்லையில் இருக்கும் மண்டி டப்வாலி இந்த மாதிரித் திறந்த ஜீப்புகளைக் கட்டுவதற்குப் பேர் போன ஊர். பிலிப்பைன்ஸில் எம்.டி. யுவான் என்ற நிறுவனம் போர்க்கால ஜீப்புகளுக்கு முழு பாடி செய்து உலகம் முழுக்க அனுப்புகிறது. தரை, பக்கம், பின்மூலை எல்லாமே போன வண்டிக்கு அதுதான் சிக்கனமான வழியாகவும் இருக்கும்.

ஆனால் என் விருப்பம் அது இல்லை. பழைய தகட்டில் எவ்வளவு காப்பாற்ற முடியுமோ அவ்வளவையும் காப்பாற்ற வேண்டும் என்றுதான் சொல்வேன். மடிப்பின் கூர்மை, போல்ட் ஓட்டையின் இடம், கம்பெனியில் வைத்த வெல்டிங் பொட்டுகளின் வரிசை, இவைதான் அந்த வண்டியை அந்த வண்டியாக்குகின்றன. புது பாடியில் கண்ணாடிச் சட்டம் உட்காராமல், பானட் கொக்கி எட்டாமல் மாதக்கணக்கில் இழுபறிப்பட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

சட்டப்படியும் ஒரு காரணம் உண்டு. 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனிப் பதிவு முறை கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டியிருக்க வேண்டும், மூல வடிவத்தில் இருக்க வேண்டும், சேசிஸிலோ பாடிக்கூட்டிலோ இஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். கண்காட்சி, பழைய வாகனப் பேரணி போன்றவற்றுக்குத்தான் ஓட்டலாம், தினசரி ஓட்டத்துக்கு இல்லை. அந்த வழியில் போக நினைப்பவர் முழு பாடியை மாற்றுவதற்கு முன் நன்றாக யோசிக்க வேண்டும். போன இடத்தை மட்டும் வெட்டி ஒட்டுவது பழுதுபார்ப்பு. முழுக்கூட்டையும் மாற்றுவது வேறு விஷயம்.

பெயிண்ட் கலர் மாற்றலாமா? ராணுவப் பச்சை அடிக்க ஆசை.

கலரை மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சொல்லி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். ராணுவப் பச்சை மட்டும் வேண்டாம். மத்திய மோட்டார் வாகன விதி 121-ன்படி ஆலிவ் பச்சை பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டுமே உரியது. பழைய மஹிந்திரா விளம்பரங்களைத் தேடிப் பாருங்கள், அந்தக் காலத்து நிறங்கள் கண்ணில் படும்.

கிரைண்டர் பிடிக்கிறவரிடம் சேசிஸ் நம்பர் அடித்த இடத்தைக் காட்டி, அதன் மேல் டேப் ஒட்டிவிடுங்கள். அந்த எண் தேய்ந்துபோனால் படும் பாடு துருவைவிடப் பெரிது.

எந்தத் தகடு வாங்க வேண்டும்?

சி.ஆர். தகடு, அதாவது சூடாக்காமல் உருட்டி எடுத்த தகடு. மழமழப்பாக இருக்கும், மடித்தால் ஒழுங்காக மடியும். பக்கத் தகட்டுக்கு 18 கேஜ், அதாவது ஏறக்குறைய 1.2 மி.மீ. தரைக்கும் சேனலுக்கும் 16 கேஜ், 1.6 மி.மீ. வாங்கப் போகும்போது வண்டியிலிருந்து வெட்டிய நல்ல துண்டு ஒன்றைக் கையில் எடுத்துப் போய் ஒப்பிடுங்கள். அதைவிடத் தடிமனாகப் போட்டால் பலம் கூடும் என்று நினைக்க வேண்டாம். தடித் தகடும் மெல்லிய தகடும் சேருமிடத்தில் சூடு ஒன்றுபோல் ஏறாது, மெல்லியது முதலில் உருகும்.

ஜி.ஐ. தகடு போட்டால் துருவே வராதே என்று சிலர் சொல்வார்கள். வெல்டிங் வைக்கும் இடத்தில் அதன் துத்தநாகப் பூச்சு எரிந்து போய்விடும். அந்த வெள்ளைப் புகையைச் சுவாசித்தவருக்கு இரவில் குளிர்க்காய்ச்சல் வரும். வேண்டாம்.

வெல்டிங் தொடங்கும் முன் என்னென்ன கழற்ற வேண்டும்?

டேங்க். முதலில் டேங்க். சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது என்று முன்பே சொன்னேன். நீங்கள் வெல்டிங் வைக்கப்போகும் தரையும் அதுவும் ஒட்டி உறவாடுகின்றன. 'பெட்ரோல் இல்லை, காலி டேங்க்தான்' என்று சொல்லி அப்படியே வேலை பார்ப்பவர்கள் உண்டு. நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க்தான் ஆபத்து, உள்ளே முழுக்க ஆவி நிற்கும். கழற்றி, வாயை மூடி, பட்டறைக்கு வெளியே தூரமாக வையுங்கள். டேங்க் ஓட்டையாக இருந்தால் டேங்க் வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள், பாடி டிங்கரை அதில் கைவைக்க விடாதீர்கள். டேங்கிலிருந்து இஞ்சினுக்குப் போகிற பெட்ரோல் குழாயையும் கழற்றிவிடுங்கள்.

பேட்டரி இரண்டு முனையும் கழற்ற வேண்டும். வயரிங், சீட் துணி, ரப்பர் எல்லாம் விலக்க வேண்டும். ஒரு தீயணைப்பான், ஒரு வாளி தண்ணீர், நனைத்த சாக்கு இரண்டு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். வேலை முடிந்ததும் உடனே பூட்டிக்கொண்டு கிளம்பாமல் அரைமணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். தரைக்கு அடியில் ஒட்டியிருக்கும் பழைய தாரும் கிரீசும் மெதுவாகப் புகைந்து அப்புறம்தான் பற்றும்.

எந்த வெல்டிங் நல்லது? தகடு வளையாமல் இருக்க என்ன வழி?

சி.ஓ.2 வெல்டிங் (கரியமில வாயுவின் காப்பில் கம்பியை உருக்கி ஒட்டுவது) கிடைத்தால் அதுவே நல்லது. மெல்லிய கம்பி, குறைந்த சூடு, பொட்டுப் பொட்டாக வைத்துக்கொண்டு போகலாம். கதவும் கிரில்லும் செய்யும் பட்டறையின் ஆர்க் வெல்டிங் 18 கேஜ் தகட்டுக்கு ஆகாது, ஓட்டை விழுந்துகொண்டே இருக்கும்.

கேஸ் வெல்டிங்கைப் பழசு என்று ஒதுக்கிவிட வேண்டாம். பழைய டிங்கர்கள் அதில் செய்யும் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஒரு கையில் டார்ச், பக்கத்தில் சுத்தியல். இரண்டு விரல் நீளம் உருக்கிச் சேர்ப்பார், சிவப்பு அடங்குவதற்குள் அடியில் இரும்புக்கட்டையைத் தாங்குகொடுத்து மேலே டக்டக்கென்று தட்டிவிடுவார். மெத்தென்ற வெல்டிங் என்பதால் தட்டத் தட்டத் தகட்டோடு தகடாக அமர்ந்துவிடும். சி.ஓ.2 வெல்டிங் கடினமாக இருக்கும், அதில் இது இவ்வளவு சுலபமாக வராது. கைதேர்ந்தவர் கிடைத்தால் கேஸ் வெல்டிங்கையே நான் எடுத்துக்கொள்வேன். கை தேறாதவர் கையில் அதே டார்ச் பக்கத் தகடு முழுவதையும் அப்பளமாகப் பொரித்துவிடும்.

எந்த வெல்டிங் ஆனாலும் விதி ஒன்று. ஓர் ஓரத்தில் தொடங்கி மறு ஓரம் வரை கோடு இழுக்கக் கூடாது. நாலு மூலையில் நாலு பொட்டு, அப்புறம் எதிரெதிர்ப் பக்கங்களின் நடுவில், அப்புறம் அவற்றுக்கு இடையில். கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல் தள்ளித் தள்ளி வைத்து, கையால் தொடும் அளவுக்கு ஆறிய பிறகு அடுத்த பொட்டு. பொறுமையில்லாமல் தண்ணீர் ஊற்றி ஆற்றினால் தகடு சட்டென்று சுருங்கி இழுத்துக்கொள்ளும். சின்ன ஓட்டையை அடைக்கும்போது பின்னால் ஒரு செம்புத் துண்டை அழுத்திப் பிடித்தால், உருகிய இரும்பு கீழே ஒழுகாது. செம்பில் ஒட்டவும் ஒட்டாது.

புதுத் துண்டை மேலே படிய வைப்பதா, விளிம்போடு விளிம்பு சேர்ப்பதா?

வெளியே தெரியும் தகட்டில் விளிம்போடு விளிம்பு. நடுவே சுமார் ஒரு மி.மீ. சந்து விட்டால் வெல்டிங் முழுதாக இறங்கும். மேலே படியவைத்தால் இரண்டு தகட்டுக்கும் நடுவே மறுபடி ஈரம் தங்கும் இடத்தை நீங்களே உண்டாக்குகிறீர்கள்.

தரையிலும் சேனலிலும் படியவைப்பதைத் தவிர்க்க முடியாது, கம்பெனியே அப்படித்தான் செய்திருக்கிறது. அங்கே ஒட்டுவதற்கு முன் இரண்டு முகத்திலும் துத்தநாகம் கலந்த வெல்டிங் பிரைமர் அடியுங்கள். முடித்தபின் இணைப்பின் விளிம்பு முழுக்க சீம் சீலென்ட் (சந்தை அடைக்கும் பசை) இழுத்து விடுங்கள்.

துருவை மாற்றும் திரவம் என்று கடையில் விற்கிறார்களே, அது வேலை செய்யுமா?

செய்யும், ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. அதில் பெரும்பாலும் டானிக் அமிலமோ பாஸ்பாரிக் அமிலமோ இருக்கும். டானிக் வகையைத் தடவினால் பழுப்புத் துரு கண்முன்னே நீலம் பாரித்துக் கறுக்கும். இரும்புச் சத்தோடு கடுக்காய் சேர்ந்து கறுப்பு மை ஆவதும் இதே சங்கதிதான், கடுக்காயிலும் டானின் உண்டு.

தகடு முழுசாக இருந்து மேலே மட்டும் துரு படிந்த இடம், குழிகளுக்குள் ஒட்டியிருக்கும் மிச்சத் துரு, பிரஷ் எட்டாத மூலை, இவற்றுக்கு நல்லது. உதிரும் துருவின் மேல் ஊற்றினால் மேல்தோல் மட்டும் கறுக்கும், அடியில் நடப்பது நடந்துகொண்டேதான் இருக்கும். தகடு போன இடத்தில் எந்தத் திரவமும் தகட்டைத் திருப்பிக் கொடுக்காது.

கீல், கொக்கி, பிராக்கெட் மாதிரிச் சின்ன சாமான்களை எப்படிச் சுத்தம் செய்வது?

இது எனக்கு மிகவும் பிடித்த வேலை. ஒரு பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர், லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா. சாமானைக் கம்பியில் கட்டி நடுவே தொங்கவிட்டு, பழைய 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் மைனஸ் முனையை அதில் மாட்டுங்கள். பிளஸ் முனையை ஒரு வேண்டாத இரும்புத் துண்டில் மாட்டி, சாமானில் படாமல் தண்ணீரில் இறக்குங்கள். சார்ஜரைப் போட்டதும் சாமானைச் சுற்றிப் பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பும். ஒரு ராத்திரி விட்டால் துரு கறுப்புக் குழம்பாகக் கழன்று வரும், பிரஷால் தேய்த்தால் அடியில் சாம்பல் நிற இரும்பு. நல்ல இரும்பை இது தின்னாது, அதுதான் இதன் அழகு.

கிளம்புவது ஹைட்ரஜன் வாயு. அதனால் திறந்த வெளியில் செய்ய வேண்டும், பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது. சாமானைத் தொடும் முன் சார்ஜரை அணைக்க வேண்டும். பிளஸ் முனையில் எவர்சில்வர் வைக்கவே கூடாது, அதிலிருந்து குரோமிய நஞ்சு தண்ணீரில் இறங்கும். எடுத்த சாமானைக் கழுவித் துடைத்து அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுங்கள். ஈரக்கையோடு மேஜையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால் திரும்பி வருவதற்குள் மஞ்சள் பூத்திருக்கும்.

பிரைமர், பட்டி, பெயிண்ட்: எது முன், எது பின்?

வெல்டிங்கைச் சமமாகத் தேய்த்து, தின்னரால் எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, வெறும் தகட்டின் மேல் எபாக்ஸி பிரைமர். அது காய்ந்த பின் தேவையான இடத்தில் மட்டும் பட்டி. அப்புறம் மேல்பிரைமர், உப்புத்தாள், பெயிண்ட். நம்மூரில் ரெட் ஆக்சைடு அடித்துவிட்டு 'பிரைமர் ஆச்சு' என்று வண்டியை மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் நிறுத்துவார்கள். அந்தப் பூச்சின் வழியாக ஈரம் உள்ளே போகும். எபாக்ஸி விலை கூட, ஆனால் தகட்டை உண்மையில் அடைத்துவைப்பது அதுதான்.

பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்ப்பது நெடுநாள் வழக்கம். தூசி பறக்காது, வேலையும் சுலபம். அந்தப் பழக்கத்தை இந்த வண்டியில் மட்டுமாவது விட்டுவிடச் சொல்லுங்கள். பட்டி அந்தத் தண்ணீரைக் குடித்துவிடும் என்பதை மேலே பார்த்தோம். முகமூடி போட்டுக்கொண்டு உலர்வாகத் தேய்க்கலாம். மேல்பிரைமர் வந்த பிறகு தண்ணீர் போட்டுக்கொள்ளலாம்.

ஹார்டனர் கலக்கும் பி.யூ. (பாலியூரிதேன்) பெயிண்டைத் துணியை மூக்கில் கட்டிக்கொண்டு அடிக்கும் பையன்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அதிலிருக்கும் ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும், ஆஸ்துமாவைக் கொண்டுவரும். வெளிக்காற்று குழாய் வழியாக வரும் முகமூடி இல்லையென்றால் சாதா எனாமல் அடியுங்கள். இந்த வண்டிக்கு அதுவே பொருத்தமான பளபளப்பும்கூட.

எந்த மாதத்தில் தொடங்கலாம்?

தையில் பிரித்து, பங்குனிக்குள் வெல்டிங்கை முடித்து, சித்திரையில் பெயிண்ட் அடித்தால் சரியாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் தகட்டைத் திறந்து போட்டால் ராத்திரியோடு ராத்திரியாகத் துரு பூத்துவிடும். மலைப்பக்கம் மேற்குச் சரிவில் இருப்பவர்கள் ஆனியிலிருந்து ஆவணி வரை அதே கணக்கில் ஒதுக்க வேண்டும். பெயிண்ட் அடிக்கும் நாளில் பனி விலகி, தகடு கைக்குச் சுடாமல் வெதுவெதுப்பாகத் தெரியும் நேரம் நல்லது.

டிங்கரிடம் வேலையை எப்படிப் பேச வேண்டும்?

மொத்தமாக 'பாடி வேலை இவ்வளவு' என்று பேசாதீர்கள். மொத்தப் பேச்சில் பட்டிதான் ஜெயிக்கும், ஏனென்றால் அதுதான் சீக்கிரம் முடியும். முதலில் பெயிண்டை உரிப்பதற்கு மட்டும் கூலி கொடுங்கள். உரித்த வண்டியை இருவரும் சேர்ந்து சுற்றிவந்து, வெட்ட வேண்டிய இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டு, அதற்கு அப்புறம் விலை பேசுங்கள். 'மாஸ்டர், பிரைமர் அடிக்கும் முன் ஒரு போன் பண்ணுங்க, நான் வந்து பார்க்கணும்' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தன் வெல்டிங்கை மறைக்காத டிங்கர் இதற்குக் கோபப்பட மாட்டார், சந்தோஷமாகக் கூப்பிடுவார்.

அடியில் பழைய இஞ்சின் ஆயில் அடித்தால் துரு வராதாமே?

கொஞ்ச நாள் தடுக்கும். ஆனால் புஷ்ஷையும் ரப்பர் குழாய்களையும் ஊறவைத்துக் கெடுக்கும், புழுதியைச் சேர்த்துப் பிசினாக்கும், நிற்கும் இடத்து மண்ணையும் பாழாக்கும். வெந்த ஆயிலில் அமிலம் வேறு இருக்கும். சேனல்களின் உட்பக்கத்துக்கு மெழுகு வகைத் துருத்தடுப்பு ஸ்பிரே விற்கிறது, நீளக் குழாய் மாட்டி உள்ளே செலுத்தலாம். வெல்டிங் எல்லாம் முடிந்து, பெயிண்ட் காய்ந்த பிறகுதான் இதைச் செய்ய வேண்டும். முன்னால் செய்தால் தீப்பிடிக்கும்.

சரிசெய்த பிறகு மறுபடி வராமல் இருக்க?

தரையில் கார்ப்பெட் ஒட்டாதீர்கள். ரப்பர் மேட் போட்டால் நனைந்த அன்றே எடுத்துக் காயவையுங்கள். டேங்க் பள்ளத்தின் வடிகால் ஓட்டையில் மாதம் ஒருமுறை கம்பி விட்டுக் குத்துங்கள். டூல்ஸ் பெட்டியின் தாழ்ந்த மூலையில் வடிய வழி இல்லையென்றால் ஒன்று போட்டு, ஓட்டையின் விளிம்புக்கும் பிரைமர் தொட்டுவிடுங்கள். மலைக்குப் போய் வந்தால் பின்சக்கர வளைவுக்குள் அப்பியிருக்கும் சேற்றை அன்றைக்கே அடித்துக் கழுவுங்கள், காய்ந்த சேறு அடுத்த மழைக்கு ஸ்பஞ்சாக மாறிவிடும்.

மழைக்காலத்தில் தார்ப்பாயைப் போட்டு முழுக்கப் போர்த்தி வைப்பது நல்லதல்ல, உள்ளே வேர்க்கும். கூரைக்குக் கீழே காற்றாட நிறுத்துங்கள். கூரை இல்லையென்றால் முன்பக்கம் கொஞ்சம் உயர்ந்த இடமாகப் பார்த்து நிறுத்தி, டெயில் போர்டைத் திறந்து விடுங்கள். தரையில் விழும் தண்ணீர் தானாகப் பின்னால் வழிந்துவிடும்.